வாக்கிழந்தோரின் பிரதிநிதி
கலாநிதி என். எம். பெரேராவும் சபரகமுவைத் தோட்டங்களும்: ஒரு மதிப்பீடு

வரலாற்றிலே பெயர் பொறித்தோரை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றையே மேற்கொள்வர். ஒரு சாரார் இளமைக்காலத் தீரச் செயல்களை மட்டும் தொகுத்துப் புகழ்மாலை சூட்டுவர். மற்றொரு சாரார் முதுமைக்கால முடிவுகளை மட்டும் எடுத்துக்காட்டிப் பழியுரை வழங்குவர். இவ்விரு திறத்தாரும் ஒரு மனிதனின் வாழ்வைப் பாதியாக வெட்டி, தமக்கு வேண்டிய பாதியையே நம் கண்முன் வைக்கின்றனர். குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து அவற்றுள் மிகுந்ததைக் கொள்ளுதல் வேண்டும் என்ற வள்ளுவரின் நெறி, அரசியல்வாதிகளைப் பற்றி எழுதுவோரால் அரிதாகவே பின்பற்றப்படுகின்றது.

இலங்கைச் சமசமாசக் கட்சியின் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா இத்தகைய பாதி மதிப்பீடுகளுக்கு இலக்கானோருள் முதன்மையானவர். பிரித்தானிய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற புரட்சியாளராகவும், சிறையுடைத்துத் தப்பிய வீரராகவும், நாடாளுமன்ற நடைமுறையிற் கரைகண்ட அறிஞராகவும் அவரைப் போற்றுவோர் உளர். தமிழ் பேசும் மக்களைக் கைவிட்டவர் என்று தூற்றுவோரும் உளர். ஆயின் அவருடைய அரசியல் வாழ்வு வேரூன்றிய நிலத்தை மையமாக வைத்து அவரை எடைபோட முனைந்தோர் மிகச் சிலரே. அந்நிலம் சபரகமுவை மாகாணத்தின் கேகாலை மாவட்டமாகும். அங்கே கிராமமும் தோட்டமும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவ்விரண்டிற்கும் அவர் ஆற்றியது யாது, ஆற்றாது விட்டது யாது என்பதை ஆராய்வதே நேரிய மதிப்பீட்டுக்கு வழியாகும்.

முதலில் அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் பின்னர், உறுதி காட்ட இயலாத காடுகளும் சேனை நிலங்களும் அரசுடைமையாகிப் படிப்படியாகத் தோட்டக்காரரின் கைக்கு மாறின. முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் இறப்பரும் அம்மண்ணை ஆக்கிரமித்தன. களனிப் பள்ளத்தாக்கு இரயிற்பாதை 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியமை, இத்தோட்டங்களின் விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லும் பொருட்டேயாகும். இறப்பர் மரத்திற் பால் வெட்டுவதற்குத் தமிழகத்திலிருந்து கங்காணிமார் மூலம் தொழிலாளர் கொணரப்பட்டனர். நுவரெலியா, ஹற்றன் ஆகிய பகுதிகளிலே தோட்டங்கள் தொடர்ச்சியாகப் பரந்து கிடத்தலின், ஆங்குத் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் ஒருங்கு வாழ்ந்தனர். சபரகமுவையிலோ நிலைமை வேறு. ஒரு குன்றில் லயமும், அதன் அடிவாரத்திற் சிங்களக் கிராமமும், அதனையடுத்து மீண்டும் ஒரு தோட்டமுமாக நிலம் கூறுபட்டுக் கிடந்தது. நிலமிழந்த கிராமத்தவனும், நிலமே இல்லாத தொழிலாளியும் ஒருவரையொருவர் நாள்தோறும் கண்டனர். ஆயினும் ஒருவர் மொழியை ஒருவர் முழுதும் அறிந்தாரல்லர். இவ்விரு திறத்தாரையும் ஒரே அணியிற் சேர்ப்பதே அம்மாவட்டத்துப் புரட்சியாளனின் முன்னிருந்த பெரும்பணியாகும்.

1905ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த பெரேரா, ஆனந்தாக் கல்லூரியிலும் கொழும்புப் பல்கலைக் கழகக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் இலண்டன் பொருளியற் கல்லூரியிலே பேராசிரியர் லாஸ்கியின் மாணாக்கரானார். செர்மனியின் வைமார் அரசியலமைப்பைப் பற்றிய ஆய்வு அவருக்குக் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. பல நாடுகளின் நாடாளுமன்ற நடைமுறைகளை ஒப்பிட்டு எழுதிய ஆய்வு அதனினும் உயர்ந்த பட்டத்தை ஈட்டித் தந்தது. சனநாயக அரசியலமைப்பு ஒன்று எழுத்திலே சிறந்து விளங்கியும் நடைமுறையிலே எவ்வாறு சிதையும் என்பதை இளமையிலேயே ஆராய்ந்தவர் அவர் என்பதை நாம் மனத்திருத்துதல் வேண்டும். அவரது பிற்கால வாழ்வை மதிப்பிடுதற்கு இவ்வாய்வே ஓர் அளவுகோலாய் அமையத்தக்கது.

1933இல் நாடு திரும்பிய அவரை மக்களிடம் கொண்டு சென்றது மேடைப் பேச்சன்று, நோயே எனலாம். 1934-35ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. கேகாலை மாவட்டம் பெரிதும் தாக்குண்டது. அப்பொழுது, பிரித்தானியப் படைவீரருக்கான பொப்பி மலர் விற்பனைக்கு எதிராகத் தொடங்கப்பெற்ற சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவராய்ப் பருப்பு வழங்கிய பெரேராவை மக்கள் 'பருப்பு மகாத்தயா' என்றே அழைக்கலாயினர். 1935 டிசம்பரிலே சமசமாசக் கட்சி தோன்றியது. அடுத்த ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலில் அவர் றுவான்வெல்லையிலும் பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும் வெற்றி பெற்றனர். பட்டம் பெற்ற இளைஞன் ஒருவனை நம்பி ஏழைக் கிராமத்தவர் வாக்களித்தமைக்குக் காரணம் மார்க்சியக் கோட்பாடன்று. இன்னற்பட்ட வேளையில் வாசலுக்கு வந்த மனிதன் என்ற நன்றியுணர்வே ஆகும். இந்நன்றிக் கடனே அவருடைய பலமும், பின்னர் அவருடைய எல்லையும் ஆயிற்று.

அரசாங்க சபையில் இவ்விருவரும் ஆற்றிய பணியைச் சிறிதென எண்ணுதல் பொருந்தாது. தோட்டத்துரைமாரின் உலகத்தினின்றே தோன்றி, தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிறேஸ்கேடில் என்னும் இளைஞனை நாடு கடத்துமாறு 1937இல் தேசாதிபதி ஆணையிட்டபோது, அவ்வாணையை எதிர்த்துச் சபையிலும் வெளியிலும் எழுந்த கிளர்ச்சியில் அவர்கள் முன்னின்றனர். சபை 34 வாக்குகளுக்கு 7 வாக்குகளாகத் தேசாதிபதியின் செயலைக் கண்டித்தது. உயர் நீதிமன்றமும் அவ்வாணை செல்லாதெனத் தீர்த்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானபோது, அதனை ஒரு தோட்டத்துச் சச்சரவாக மறைந்துபோக விடாது நாடு முழுவதும் அறியச் செய்தவர் சமசமாசக் கட்சியினரே. விசாரணைக் குழுவின் முன் கொல்வின் ஆர். டி. சில்வா தொழிலாளர் பொருட்டுத் தோன்றி வாதிட்டார். தோட்டத்துக்குள் வெளியார் கால்வைப்பதே அத்துமீறலெனக் கருதப்பட்ட அக்காலத்தில், பால் வெட்டும் தொழிலாளியின் உயிருக்கும் சட்டத்திலே விலையுண்டு என்பதை நிலைநாட்டியமை அருஞ்செயலேயாகும்.

இவ்வேளையில் ஒன்றை மறவாது கூறுதல் நேர்மையாகும். தோட்டத் தொழிலாளரை அமைப்பாக்கும் பணியை முதலிற் தொடங்கியவர் கோ. நடேசையர் ஆவர். 1931இலேயே தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தும், பத்திரிகை நடத்தியும், துணைவியார் மீனாட்சியம்மாளின் பாடல்கள் வாயிலாகவும் அவர் விழிப்பூட்டினார். சமசமாசக் கட்சி வெறுநிலத்தில் விதைக்கவில்லை. அவர் உழுதிட்ட நிலத்திலேயே விதைத்தது. ஆயின் நடேசையர் ஆற்றாத ஒன்றை அக்கட்சி முயன்றது. இந்தியத் தொழிலாளியின் துயரையும் சிங்களக் கிராமத்தவனின் துயரையும் ஒரே ஆட்சியின் விளைவாகக் காட்டும் முயற்சியே அது.

1940 யூன் மாதம் பெரேராவும் பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி. சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரும் தடுத்து வைக்கப்பட்டனர். ஏகாதிபத்தியப் போருக்கு ஒத்துழையோம் என்றமையே அவர்தம் குற்றம். 1942 ஏப்பிரிலில், யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய இரண்டொரு நாளில், சிறைக் காவலர் ஒருவரின் துணையுடன் அவர்கள் போகம்பறைச் சிறையினின்றும் தப்பினர். பெரேரா இந்தியாவுக்குச் சென்று, ஆங்கு விடுதலைப் போரில் ஈடுபட்ட புரட்சியாளரோடு இணைந்து தலைமறைவாய் உழைத்து, 1943இற் பம்பாயிலே கைதானார். இந்திய மண்ணிலே இந்திய விடுதலையின் பொருட்டுச் சிறைப்பட்ட இலங்கையர் என்ற சிறப்பு அவருக்கும் அவர்தம் தோழர் சிலருக்கும் உரியது. இலவசக் கல்விக்கு ஆதரவாக அவர் எழுதிய நூல் 1944இல் வெளிவந்தது. ஆயினும் 1945இல் நடைமுறைக்கு வந்த அவ்விலவசக் கல்வியின் முழுப்பயன் தோட்டப் பாடசாலைகளை நெடுங்காலம் சென்றடையவில்லை. அப்பாடசாலைகள் 1970களிலேதான் அரசின் பொறுப்பில் வரத்தொடங்கின. ஒரு கொள்கை நாட்டின் பொதுவுடைமையாகி, அதனால் மிகுதியும் பயன்பெற வேண்டியோரை மட்டும் புறத்தே நிறுத்தியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

போர் முடிந்தவுடன் கேகாலை மாவட்டத்திலேயே ஒரு சோதனை எழுந்தது. உந்துகொடப் பகுதியில் நேவ்ஸ்மியர் என்னும் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஆங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறப் பணித்தது. அவர்கள் மறுத்தனர். 1946இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் தலைமையிலே பெரும் அனுதாப வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. இந்நிகழ்ச்சி புரட்சிக் கோட்பாட்டின் நடுவிலிருந்த ஒரு முடிச்சை வெளிப்படுத்தியது. கம்பெனியிடமிருந்து நிலத்தை மீட்டுக் கிராமத்தவனுக்கு அளித்தல் நியாயமே. ஆயின் அந்நிலத்தில் இரண்டு மூன்று தலைமுறையாக வியர்வை சிந்தியவன் எங்கே போவான்? இரு ஏழைகளின் உரிமைகள் ஒரே நிலத்தில் மோதும்பொழுது யாது செய்வது என்ற வினாவுக்கு, முதலாளி ஒழிந்தால் எல்லாம் சரியாகும் என்பது விடையாகாது. கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் பொதுவான நிலத்திட்டம் ஒன்று அன்றே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அத்தகைய திட்டமொன்றைப் பின்னர் அதிகாரத்தில் அமர்ந்தபோதும் இடதுசாரியினர் நடைமுறைப்படுத்தினாரல்லர்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது பெரேராவின் குரல் ஐயத்துக்கு இடமின்றி ஒலித்தது. வைமார்க் குடியரசின் வீழ்ச்சியைக் கற்றவர் என்பதற்கேற்ப, இட்லரின் இனவாதத்தை நினைவூட்டி அவர் அச்சட்டத்தைச் சாடினார். தமிழ்த் தலைவர் சிலரே அடுத்த ஆண்டில் அரசாங்கத்தின் பக்கம் நின்றனர் என்பதையும் சேர்த்து நோக்குமிடத்து, சிங்கள மக்களின் வாக்குகளையே பெரிதும் நம்பியிருந்த ஒருவர் இவ்வாறு நின்றமை எத்துணைத் துணிவுடையது என்பது புலனாகும். அவரைக் கைவிட்டவர் என்று மட்டும் கூறுவோர் இப்பக்கத்தைப் புரட்டுவதேயில்லை.

அச்சட்டங்களின் விளைவு அவருடைய தொகுதியிலேயே தெரிந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு 7 இடங்களைப் பெற்றதோடு, வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்குத் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் துணைநின்றன. 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் குடியுரிமை இல்லாதாரின் வாக்குரிமையைப் பறித்தது. எனவே 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலார் வாக்காளர் இடாப்பில் இல்லை. ஆயினும் தொகுதிகளை வகுக்கும்போது சனத்தொகை முழுவதுமே கணக்கிற் கொள்ளப்பட்டது. குடியுரிமை அற்றோரும் தலைகளாக எண்ணப்பட்டனர். 1959ஆம் ஆண்டுத் தொகுதிப் பிரிப்பிலும் இதுவே முறையாயிற்று. தோட்டம் செறிந்த தொகுதிகளில் வாக்களிக்க இயலாத மக்களின் தொகையால் வாக்களிக்கக்கூடியோரின் செல்வாக்குப் பெருகிற்று என்பதே இதன் பொருளாகும்.

பெரேராவின் பிற்கால அரசியலை விளக்கும் திறவுகோல் இதுவே. 1947 முதல் றுவான்வெல்லைத் தொகுதியையும், பின்னர் எட்டியாந்தோட்டைத் தொகுதியையும் 1977 வரை அவர் நாடாளுமன்றத்திலே பிரதிநிதித்துவம் செய்தார். லயங்களில் வாழ்ந்தோரும் அவரது தொகுதி மக்களே. ஆயின் அவரைத் தெரிவு செய்யவோ தள்ளவோ அவர்களுக்கு உரிமை இல்லை. வாக்களிப்போன் தன் பிரதிநிதியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்பான். வாக்கற்றவனோ பிரதிநிதியின் மனச்சாட்சியை நம்பியிருத்தல் வேண்டும். ஓர் அரசியல்வாதியின் மனச்சாட்சி எத்துணை உயர்ந்ததாயினும், அது மட்டுமே ஒரு மக்கட் கூட்டத்தின் காப்பாக அமைதல் ஆபத்தாகும்.

1956 வரை அம்மனச்சாட்சி உறுதியாகவே நின்றது. சிங்களமும் தமிழும் சம உரிமை பெறல் வேண்டும் என்ற கொள்கைக்காகச் சமசமாசக் கூட்டங்கள் கலகக்காரரால் குலைக்கப்பட்டன. தனிச் சிங்களச் சட்டத்தைக் கட்சி எதிர்த்தே வாக்களித்தது. ஆயின் தேர்தல் தோல்விகளின் பின்னர் தளர்ச்சி தோன்றிற்று. 1964 யூன் மாதம் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் பெரேரா நிதியமைச்சரானார். கட்சி பிளவுற்றது, சிறைத் தோழரான சமரக்கொடி எதிரணியிலே நின்றார். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்குமெனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படுவதாயிற்று. எந்நாட்டிலே வாழ விரும்புகின்றனர் என்பதை அம்மக்களையோ அவர்தம் சங்கங்களையோ கலந்தறியாது, இரு அரசாங்கங்கள் மனிதரைத் தொகைகளாகப் பிரித்தன. 1948இல் இனவாதத்தைச் சாடியவர், 1964இல் அத்தொகைக் கணக்கை ஏற்ற அமைச்சரவையில் அமர்ந்திருந்தார். 1966 சனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராக நடந்த ஊர்வலத்திலும் அவர் கட்சி பங்குகொண்டது. இவற்றைக் காலத்தின் கட்டாயம் என்று கூறி மறைத்தல் திறனாய்வாகாது.

கூட்டணிக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதமும் ஆராயற்பாலதே. அதிகாரம் பெற்றாலன்றி ஏழைக்கு எதனையும் செய்ய இயலாது. நிலச் சீர்திருத்தமும் தோட்டங்களைத் தேசியமயமாக்கலும் அதிகாரத்தில் இருந்தமையாலேயே நிறைவேறின என்பர். இதில் உண்மை உண்டு. 1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலத்துக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது; 1975இற் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நூற்றாண்டுக் கம்பெனி ஆட்சி முடிவுற்றமை பெருமாற்றமே. ஆயின் பால் வெட்டுவோனின் கண்கொண்டு நோக்கின் மாறியது யாது? துரையின் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தார். லயத்தின் அறை அவ்வாறே இருந்தது. பகிர்ந்தளிக்கப்பட்ட நிலத்தில் அவனுக்குப் பங்கில்லை. கேகாலை, கண்டிப் பகுதிகளில் சீர்திருத்தத்தின் முதற் கட்டத்திலேயே பல தோட்டங்களினின்றும் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிலே பட்டினியும் இறப்பும் மிகுந்தன. உலகச் சந்தை விலையேற்றம் அதற்கு ஒரு காரணமாயினும், நிதியமைச்சின் பொறுப்பு அப்பொழுது பெரேராவின் கையிலேயே இருந்தது. நேவ்ஸ்மியர் எழுப்பிய வினா முப்பது ஆண்டு கழிந்தும் விடையின்றியே நின்றது.

கிராமமும் அவருக்கு முழுதும் நன்றி பாராட்டவில்லை. 1971 ஏப்பிரிற் கிளர்ச்சியிலே கேகாலை மாவட்டத்து இளைஞர் பெருந்தொகையினராய் ஆயுதம் ஏந்தினர். பருப்பு வாங்கி உண்டோரின் பேரர் வயதினர் அவர்கள். அக்கிளர்ச்சியை நடத்திய இயக்கம் தோட்டத் தொழிலாளரை இந்திய விரிவாக்கத்தின் கருவியெனத் தன் வகுப்புக்களிற் போதித்தது. கிராமத்தையும் தோட்டத்தையும் இணைக்கும் பணியைப் பழைய புரட்சியாளர் கைவிட்ட இடத்தில், அவ்விரண்டையும் பகையாக்கும் போதனை புகுந்தது எனலாம்.

1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பில், சோல்பரி அரசியலமைப்பிலிருந்த சிறுபான்மையோர் காப்பு வாசகம் இடம்பெறவில்லை. அதனை வகுத்தவர் அவருடைய நெடுநாளைய தோழர் கொல்வின். ஏற்று நின்றவர் வைமாரை ஆராய்ந்த பெரேரா. 1975 செப்டெம்பரில் கட்சி அரசாங்கத்தினின்றும் நீக்கப்பட்டது. அரசுடைமையான தோட்டங்கள் எவ்வமைச்சின் கீழ் வரல் வேண்டும் என்ற பிணக்கும் அதற்கொரு காரணமாயிற்று. 1977இல் அவர் தோல்வியுற்றார். அவ்வாண்டு வன்செயலிலே சபரகமுவைத் தோட்டங்களினின்றும் தமிழ்க் குடும்பங்கள் பல வன்னிக்குப் பெயர்ந்தன. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு வந்தபோது, ஒருவர் கையில் அதிகாரம் குவிவதன் தீங்கை விளக்கி அவர் எழுதிய திறனாய்வு நூல் பழைய பெரேராவை மீண்டும் காட்டுகின்றது. ஆனால் அப்போது அவர் கையில் வாக்குமில்லை, அதிகாரமுமில்லை. 1979 ஓகத்து 14ஆம் நாள் அவர் காலமானார். நாடற்றோர் எனப்பட்ட மக்களுள் எஞ்சியோருக்கு முழுமையான குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

இவையனைத்தையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து எய்தக்கூடிய முடிபு யாது? பெரேரா துரோகி அல்லர். பிறர் வாய்மூடி நின்ற வேளைகளில் வாய்திறந்தவர். அந்நிய ஆட்சிக்கு எதிரான அவருடைய போராட்டம் மாசற்றது. ஆயின் அந்நிய ஆட்சி அகன்ற பின்னர் எழுந்த வினா அதனினும் கடினமானது. தேசாதிபதியை எதிர்ப்போனுக்குத் தன் மக்களின் ஆரவாரம் துணை நிற்கும். தனக்கு வாக்களித்த மக்களின் தவறான எண்ணத்தை எதிர்ப்போனுக்கு அத்துணை கிட்டாது. முன்னைய சோதனையில் அவர் முழுவெற்றி பெற்றார். பின்னைய சோதனையில் 1948இலும் 1956இலும் வென்று, 1964இன் பின்னர் தோற்றார்.

இத்தோல்வியை அவர் ஒருவரின் குணக்குறையாக மட்டும் கொள்ளுதல் தவறு. தொழிலாளரின் வாக்கு பறிக்கப்படாதிருந்தால் எட்டியாந்தோட்டைப் பிரதிநிதி 1964இல் அவ்வாறு மௌனமாய் இருந்திருத்தல் அரிது. உரிமையற்றோருக்காகப் பிறர் பேசுவதிலும், உரிமையற்றோர் தாமே பேசும் உரிமை பெறுதலே உறுதியான காப்பு என்பதே அவர் வாழ்விலிருந்து சபரகமுவைத் தோட்ட மக்கள் கற்கக்கூடிய பாடமாகும். இன்று அவர்கள் கையில் வாக்குண்டு. பிள்ளைகளின் பாடசாலை அரசின் பொறுப்பில் உண்டு. நிலமும் உறுதியுடைய வீடும் இன்னும் பலருக்கு இல்லை. கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் பொதுவான நிலத்திட்டம் என்னும் அக்கடமை முடிவுறாது கிடக்கின்றது. பெரேராவின் பெயரைப் போற்றுவோரும் தூற்றுவோரும் அப்பணியை ஏற்று நடத்துவாராயின், அவருடைய முன்னைய பாதிக்கு மதிப்பளித்தோராகவும் பின்னைய பாதியின் குறையைத் தீர்த்தோராகவும் விளங்குவர்.